வெள்ளைக் கொக்கும் காமிராவும்

கொக்குக் கூட்டம் தலைக்குமேல் பறந்து செல்லும்போது, இரு கை நகங்களையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, பூப் போடும்படி அதனை வேண்டி நின்ற பிள்ளைப் பருவம் நம்மில் பலருக்கும் உண்டு. சில நாள் கழித்து நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தென்பட்டால், அது கொக்கு அளித்த கொடையென்று தெருவெல்லாம் காட்டித் திரிந்தோம். தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் நெல்லையிலும் வயல் வரப்பில் நின்று இவ்விளையாட்டை ஆடியவர்கள், பிழைப்பை நாடிப் பெங்களூருக்கும் மும்பைக்கும் டில்லிக்கும் வந்து சேர்ந்தோம். வயலை உடன் கொண்டுவர இயலவில்லை. கொக்கைக் கொண்டுவரவேண்டிய தேவையே இருக்கவில்லை. நமக்கு முன்பே அது இங்கெல்லாம் குடியிருந்தது.

கன்னடத்தில் இப்பறவையைப் பெள்ளக்கி என்பர். வெண்மையைக் குறிக்கும் சொல்லும், பறவையைக் குறிக்கும் 'ஹக்கி' என்னும் சொல்லும் கூடிப் பிறந்த பெயர் அது. 'கொக்கரெ' என்று நாரை இனத்தைக் குறிக்கும் சொல்லும் அம்மொழியில் உண்டு. அதைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ்ச் செவி உறவு கொண்டாடும். பெங்களூரில் தமிழர் மிகுதியாக வாழும் ஹலசூரின் ஏரிக்கரையிலோ, ஹெப்பாள், ஜக்கூர், மடிவாளா ஏரிகளின் கரையிலோ விடியற்காலையில் சென்று நின்றால், ஆழமில்லாத நீரில் ஒற்றைக் காலை மெல்லத் தூக்கி வைத்து நடக்கும் வெள்ளைக் கொக்கைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கரைகளில் கொக்குகளுக்கு நிகரான எண்ணிக்கையில் காமிராக்காரர்களும் நிற்கின்றனர். அவர்களுள் நாமும் ஒருவர். படத்தைக் காட்ட வழியில்லாத வானொலியில் படம் பிடிப்பதைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கைதான் என்றாலும், நேயர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.

கொக்கைப் படம் பிடிப்பது எளிது என்றே எவரும் எண்ணுவர். மைனாவைப்போல் அது துள்ளுவதில்லை. மீன்கொத்தியைப்போல் மின்னி மறைவதுமில்லை. நின்ற இடத்தில் நிற்கும். உரிய காலம் வரும்வரை ஒடுங்கியிருந்து, வந்தவுடன் குத்தும் அதன் இயல்பை வள்ளுவர் காலமறிதல் என்னும் அதிகாரத்தில் அரசனுக்கு உவமையாக்கியிருக்கிறார். இத்தனை பொறுமையுள்ள பறவை படத்துக்குப் பொருந்தாமல் போகுமா? ஆயினும் போகிறது. அசைவினால் அன்று, அதன் நிறத்தினால்.

முதன்முதலாக நாம் ஹலசூர் ஏரியில் எடுத்த படத்தை நினைத்தால் இன்றும் நகைப்பு எழுகிறது. காலை எட்டரை மணி வெயில். கருநிற நீர்ப்பரப்பு, அதன் நடுவே ஒரு சின்னக் கொக்கு. வீட்டுக்கு வந்து கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்தபோது அங்கே கொக்கு இல்லை. கொக்கின் வடிவில் கத்தரித்து ஒட்டிய வெள்ளைத் தாள் ஒன்றே இருந்தது. அலகு உண்டு, கால் உண்டு. இடையில் இறகு என்று சொல்ல ஒரு கோடும் இல்லை. அடுத்த வாரம் எச்சரிக்கையோடு சென்று, பறவை சட்டம் முழுவதும் நிறையுமாறு அண்மையில் எடுத்தோம். இம்முறை கொக்கு பல நாள் துவைக்காத வேட்டியின் நிறத்தில் வந்தது. மரநிழலில் எடுத்த மற்றொன்றோ, நீலம் அதிகமாகப் போட்டு அலசிய சட்டைபோல் நின்றது. கொக்கின் தலையில் வெண்ணெயை வைத்து அதைப் பிடிக்க முயன்றவன் கதைதான்.

இதன் காரணம் கருவியின் உள்ளே இருக்கிறது. காமிராவில் உள்ள ஒளிமானிக்குத் தன் எதிரே இருப்பது கொக்கா, காக்கையா என்பது தெரியாது. எதைக் கண்டாலும் அதைக் கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி, அதற்கேற்ப ஒளியை அனுமதிப்பதே அதன் வழக்கம். காட்சியில் பெரும்பகுதி கருநீராக இருந்தால், ஒளி போதவில்லை என்று எண்ணி மிகுதியாகத் திறந்துவிடும். சிறிய வெண்பறவை வெந்து போகும். பெரும்பகுதி வெண்மையாக இருந்தால், ஒளி மிகுந்துவிட்டது என்று அஞ்சிக் குறைத்துவிடும். பறவை சாம்பல் பூசிக்கொள்ளும். இன்றைய புதிய கருவிகளிற் சில, பறவையின் கண்ணையே தேடிப் பிடித்துக் குவியத்தை நிறுத்தும் வல்லமை உடையவை. எனினும் வெண்மையின் அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு இன்னும் படம் எடுப்பவரிடமே இருக்கிறது.

வெந்துபோன வெண்மையைப் பிறகு கணிப்பொறியில் சரிசெய்து கொள்ளலாம் என்று நம்புவோர் பலர். இது பற்றிச் சிறிது விளக்க வேண்டும். காமிராவின் உட்புறத்தில் பல லட்சம் நுண்ணிய ஒளிக் கிண்ணங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மழைநீரை வாங்கும் கிண்ணம்போல் ஒவ்வொன்றும் தன்மீது விழும் ஒளியை வாங்கிச் சேர்க்கிறது. மழை நின்றபின் எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு நீர் என்று அளந்து எழுதினால் அதுவே படம். ஒரு கிண்ணம் நிரம்பி வழிந்துவிட்டால், அதற்குமேல் எவ்வளவு பெய்தது என்பதை எவராலும் சொல்ல முடியாது. சாதாரணமாகச் சேமிக்கப்படும் ஜேபெக் கோப்பில் இவ்வளவு 0 முதல் 255 வரை எழுதப்படுகிறது. கொக்கின் முதுகு முழுவதும் 255 என்றே பதிவாகியிருந்தால் அங்கே இறகு என்ற செய்தியே இல்லை. கணிப்பொறியில் அதன் ஒளியைக் குறைத்தால் வெள்ளைச் சுவர் சாம்பல் சுவராகுமே தவிர இறகு தோன்றாது. 'ரா' எனப்படும் மூலக்கோப்பில் படிகள் மிகுதி. 14 பிட் கருவியில் 16,384 படிகள். ஆகவே சற்றே மிகுந்துபோன ஒளியை அதில் மீட்க இடமுண்டு. ஆனால் அங்கும் வழிந்தது வழிந்ததுதான்.

எனவே கரையில் செய்ய வேண்டியதைக் கரையிலேயே செய்துவிடுதல் நலம். வெயிலில் கருநீருக்கு எதிராகக் கொக்கு நின்றால், ஒளிமானி சொல்லும் அளவிலிருந்து ஒரு படி, சில வேளை அதற்கும் மேலாகக் குறைக்கிறோம். பறவை சட்டத்தை நிறைத்தாலும், பின்னே வெளிறிய வானம் இருந்தாலும் கூட்டுகிறோம். பிலிம் காலத்தில் ஒளிமானி இல்லாதவர்களும் கையாண்ட ஒரு கணக்கு உண்டு: நல்ல வெயிலில் லென்சின் துளையை 16 என்னும் எண்ணில் வைத்து, பிலிமின் வேக எண் 100 ஆனால் விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறத்தல், பொருள் வெண்மையாயின் துளையை மேலும் ஒரு படி சுருக்கி 22 ஆக்குதல். அந்தக் கணக்கு இன்றும் பொய்ப்பதில்லை. பறக்கும் கொக்கிற்கு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கொக்குக்கு உகந்தது மேகமூட்டம். பெங்களூரின் மழைமாதங்களில் அந்த மென்மையான ஒளி தாராளமாகக் கிடைக்கும். வெயில் வரவில்லையே என்று காமிராவை மூடி வைப்பவர்கள் வெள்ளைப் பறவைக்குரிய நல்ல நாள்களை இழக்கிறார்கள்.

வெண்மையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் சின்னக் கொக்கின் பிடரியில் இரண்டு நீண்ட இறகுகள் தொங்கும். முதுகில் நூலிழை போன்ற மெல்லிய தூவிகள் விரிந்து நுனியில் மேல்நோக்கி வளையும். காற்று வீசும்போது அத்தூவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து ஆடும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறவார். ஒளி சிறிது மிகுந்தாலும் படத்தில் முதலில் மறைவது இந்தத் தூவிகளே.

இத்தூவிகளுக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்கச் சீமாட்டிகளின் தொப்பிகளை இவை அலங்கரித்தன. எடைக்கு எடை பொன்னைவிட மிகுந்த விலைக்கு விற்ற காலமும் இருந்தது. தூவி முளைப்பது கூடு கட்டும் பருவத்திலாதலின், வேட்டைக்காரர்கள் கூடுகளிலேயே தாய்ப் பறவைகளைச் சுட்டனர். குஞ்சுகள் பசியால் மடிந்தன. இக்கொடுமையை எதிர்த்து 1889 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெண்களே முன்னின்று தொடங்கிய சங்கம்தான், பின்னர் அந்நாட்டின் புகழ்பெற்ற அரச பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. நம் நாட்டிலிருந்து பறவைத் தோலும் இறகும் ஏற்றுமதியாவது 1902 இல் தடை செய்யப்பட்டது. அன்று துப்பாக்கி தேடிய அதே தூவியை இன்று நம் லென்ஸ் தேடுகிறது. துப்பாக்கியைவிடக் காமிரா சாதுவானது என்று நாம் பெருமை கொள்வதுண்டு. ஆயினும் கூட்டின் அருகே நெருங்கிப் படமெடுக்க முயன்று தாய்ப்பறவையை எழுப்பிவிட்டால், வெயிலும் காக்கையும் குஞ்சுகளை என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டை நெருங்கிப் படமெடுப்பதை நாம் அறவே விட்டுவிட்டோம். பறக்கும் படம் வேண்டிக் கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புகிறவர்களை ஏரிக்கரைகளில் கண்டிருக்கிறோம்; அவர்களோடு வாதாடிக் குரல் கம்மியதுமுண்டு.

இனி வீட்டுக்கு வந்தபின் செய்யும் வேலை. மூலக்கோப்பு என்பது சமைக்காத அரிசி. அதை அப்படியே பரிமாற இயலாது. ஒளியைச் சீர்செய்ய வேண்டும். நிழலின் நீலத்தை அகற்றி வெண்மையை வெண்மையாக்க வேண்டும். வேண்டாத ஓரத்தைக் கத்தரிக்க வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது பழகிய வேலைபோல் தோன்றுகிறது. மூலம் ஒன்று இருக்கிறது; அதை வேறொரு வடிவில் பிறர் படிக்கத் தக்கதாக்க வேண்டும். வாக்கியத்தை மாற்றி அமைக்கலாம். மூலத்தில் இல்லாத ஒரு விதியை நாமாகச் சேர்த்தாலோ, இருக்கும் ஒரு நிபந்தனையை அழகு கருதி விட்டுவிட்டாலோ, அந்த ஆணையை நம்பிச் செயற்படுகிறவர் துன்பப்படுவார். பிலிம் காலத்து இருட்டறையிலும் இந்த வேலை நடந்ததுதான். தாளின் ஒரு பகுதிக்குக் கையால் ஒளியை மறைத்தும், மற்றொரு பகுதிக்கு மிகுதியாகக் காட்டியும் வெண்மையில் விவரத்தை வரவழைத்தனர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மைந்தரும், வனவிலங்குகளைக் கறுப்பு வெள்ளையிலேயே பதிவு செய்தவருமான மா. கிருஷ்ணன் அந்தக் காலத்தவர். தஞ்சையில் 1932 இல் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, உலகப் புகழ் பெற்று, 2017 இல் மறைந்த டி. என். ஏ. பெருமாளும் பிலிமில் பயின்று வளர்ந்தவரே. ஒரு சுருளில் 36 படம் என்ற கட்டுப்பாடு இருந்த நாள்களில், விசையை அழுத்துமுன் சிந்திப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

நிறத்தைத் திருத்துவதிலும் ஓர் ஆபத்து உண்டு. வெள்ளைக் கொக்கு என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் பல இனங்கள். கரிய அலகும் கரிய காலும் மஞ்சள் பாதமும் உடையது சின்னக் கொக்கு. மஞ்சள் சப்பாத்து அணிந்து சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். உருவில் பெரிய பெருங்கொக்கிற்கு வாயின் பிளவுக்கோடு கண்ணையும் கடந்து பின்னே செல்லும். நடுத்தரக் கொக்கிற்கு அவ்வாறு செல்லாது. இவ்விரண்டின் அலகும் மற்றக் காலங்களில் மஞ்சளாகவும் இனப்பெருக்கக் காலத்தில் கரியதாகவும் இருக்கும். மாட்டின் பின்னே திரியும் உண்ணிக்கொக்கிற்கு அக்காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் பொன்னிறம் கொள்ளும். மடையான் எனப்படும் குருட்டுக் கொக்கோ நிற்கும்போது சேற்று நிறம், பறந்தால் வெள்ளை. இறகை வெளுக்க வேண்டும் என்று மஞ்சளை ஒட்டுமொத்தமாகக் குறைத்தால், பாதத்தின் மஞ்சளும் உடன் போய்விடும். உண்ணிக்கொக்கின் பொன்னிறத்தைக் கறை என்று கருதி ஒருவர் வெளுத்துக் காட்டிய படத்தை நாம் கண்டிருக்கிறோம். கல்யாணக் கோலத்தில் இருந்த மாப்பிள்ளையை முகம் கழுவி அனுப்பிய கதையாயிற்று.

பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பும், அமெரிக்கப் புகைப்படச் சங்கமும், இங்கிலாந்தின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியும் 2014 இல் இயற்கைப் படங்களுக்கென்று பொதுவான ஒரு வரையறையை ஒப்புக்கொண்டன. படத்தில் எதையும் சேர்க்கவோ, நீக்கவோ, இடம் மாற்றவோ கூடாது, ஓரத்தைக் கத்தரிக்கலாம், தூசுப் புள்ளியையும் கீறலையும் துடைக்கலாம் என்பது அதன் சாரம். மனிதன் செய்த பொருள் படத்தில் இருக்கலாகாது என்றும் அதில் உண்டு. ஆனால் மனிதனோடு ஒட்டி வாழப் பழகிய உயிர்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது.

இந்த விலக்கின் பொருளை மண்டியா மாவட்டத்துக் கொக்கரெ பெள்ளூரில் கண்டோம். பெங்களூரிலிருந்து மைசூர்ச் சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சென்றால், மத்தூருக்கு அருகே அவ்வூர் இருக்கிறது. வீடுகளுக்கு நடுவே நிற்கும் மரங்களில் வண்ண நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. கீழே மாடு கட்டியிருக்கும். மேலே நாரைக் குஞ்சு கத்தும். அவற்றின் எச்சத்தை ஊரார் வயலுக்கு எருவாக இடுவர். 2007 இல் அவ்வூர் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஓட்டுக் கூரையை நீக்கிவிட்டு நாரையை மட்டும் காட்டினால், அந்த ஊரையே நீக்கியதாகிவிடும்.

பெங்களூர் ஏரிகளில் நிலைமை வேறு. இங்கே நீக்க வேண்டும் என்று கை பரபரக்கும் பொருள்கள் ஏராளம். மின்கம்பி, பிளாஸ்டிக் புட்டி, பாதி முடிந்த அடுக்குமாடி. 2015 முதல் சில ஆண்டுகள் பெள்ளந்தூர் ஏரியின் நுரை மலைபோல் எழுந்து சாலையில் பறந்ததையும், அந்த ஏரியிலேயே தீப் பற்றியதையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கழிவுநீரும் சோப்புத்தூளும் செய்த நுரை அது. ஒளிமானிக்கு நுரையின் வெண்மையும் கொக்கின் வெண்மையும் ஒன்றே. சிறிது நீலம் கூட்டினால் இமயத்துப் பனியில் கொக்கு நிற்பதாகவே காண்போர் வியப்பர்.

இப்போது இந்த நீக்கும் வேலை விரல் அசைவில் முடிந்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். கம்பியைத் தொட்டால் கம்பி மறையும். அதன் பின்னே இருந்திருக்கக்கூடிய வானத்தை அதுவே வரைந்துவிடும். தெளிவற்ற இறகைத் தெளிவாக்கும்படி கேட்டால், எங்கோ கண்ட பல்லாயிரம் இறகுகளை நினைவிற் கொண்டு புதிய இறகு ஒன்றை நெய்து கொடுக்கும். அழகாகவே இருக்கும். அந்தக் கொக்கின் இறகாக மட்டும் இராது.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஓர் ஏரியில், மேகம் கவிந்த ஒரு காலைப்பொழுதில், சின்னக் கொக்கு ஒன்று நாணற் புதரோரம் நின்றது. அதுவரை நமக்கு வாய்க்காத வெண்மை அன்று வாய்த்தது. பிடரி இறகு இரண்டும், முதுகுத் தூவி ஒவ்வொன்றும் இழை பிரிந்து பதிவாகியிருந்தன. நண்பர் ஒருவர் அச்சிடும் தமிழ் நாட்காட்டிக்கு அதனைக் கேட்டார். அன்றிரவே திருத்த உட்கார்ந்தோம். இடக்காலின் அருகே சாய்வாக ஒரு மெல்லிய கீறல் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் உடன் இருந்தான். இவ்வேலையில் நம்மினும் வல்லவன். "கீறல்தானே மாமா, ஒரு நொடியில் துடைத்துவிடுகிறேன்" என்றான். துடைத்தும் விட்டான். கால் பளிங்குபோல் ஆயிற்று.

நாட்காட்டிக்கு அனுப்புமுன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூலக்கோப்பை மீண்டும் ஒருமுறை பார்த்தோம். பிழை திருத்தும் தொழிலில் ஏற்பட்ட பழக்கம். நான்கு மடங்கு பெரிதாக்கியபோது அந்தக் கீறல் காலின் பின்புறமாகச் சென்று மறுபக்கம் வெளிவந்தது. இரண்டு சுற்று. லென்சில் விழுந்த கீறல் காலைச் சுற்றாது. தூண்டில் போடுகிறவர்கள் அறுத்தெறிந்த நைலான் நரம்பு அது. முழங்கால்போல் தோன்றும் மூட்டுக்குக் கீழே இறுகியிருந்தது. அவ்விடத்தில் கால் சற்றே வீங்கியிருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று நாள் நாம் இரசித்துப் பார்த்த படம் அது.

பையன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "காலையிலேயே போகலாமா மாமா?" என்று கேட்டான். விடியுமுன் சென்றோம். கரையில் மீன் குத்தகைக்காரரின் ஆள் பரிசலைக் கழுவிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் மூலப்படத்தைக் காட்டினோம். "நரம்பு," என்று ஒரே சொல்லில் சொன்னார். அவருக்கு அதைப் பெரிதாக்க வேண்டியிருக்கவில்லை. மீட்புப் பணி செய்வோருக்கும் செய்தி தெரிவித்தோம். கொக்கைப் பிடித்தாலன்றி அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது. பறக்க முடிந்த கொக்கைப் பிடிப்பது எளிதன்று. அன்று கரையில் ஒன்பது சின்னக் கொக்குகள் இருந்தன. ஒன்பதின் கால்களையும் லென்சின் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எதிலும் நரம்பு இல்லை. அடுத்த இரண்டு ஞாயிறுகளிலும் அது தென்படவில்லை. மூன்றாம் முறை அந்தப் பரிசற்காரர், கரையோரம் பொறுக்கிச் சேர்த்த நரம்புச் சுருள் ஒன்றைச் சாக்குப்பையிலிருந்து எடுத்து நம்மிடம் காட்டினார். ஒரு தேங்காயளவு இருந்தது.

நாட்காட்டி நண்பருக்கு வேறொரு படம் கொடுத்தோம். துடைத்த படத்தைப் பையனே அழித்துவிட்டான். மூலக்கோப்பு இருக்கிறது. ஞாயிறுதோறும் கரைக்குப் புறப்படுமுன் அதை எடுத்து, அந்தப் பிடரி இறகு இரண்டின் நீளத்தையும், இடக்காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு செல்கிறோம். எதிர்ப்பட்டால் அடையாளம் தெரிய வேண்டுமல்லவா?